ஒரே ஒரு ஜாகுவாரின் பணிக்கணக்கு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய செட்டிநாடு ஓடுதளத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், விமானங்களைப் பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கே போனாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறோம். பொதுவாகச் சொன்னால் மனசில் நிற்காது என்பதால் ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டோம். பிரிட்டிஷ் விமானப்படையில் எக்ஸ்எக்ஸ்725 என்ற எண்ணும், இடையில் சில காலம் இந்திய விமானப்படையில் ஜேஐ010 என்ற எண்ணும் தாங்கிய ஜாகுவார் அது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

தாக்குதல் விமானம்னா என்னங்க? போர் விமானம் எல்லாமே தாக்கத்தானே செய்யும்?

வானத்தில் எதிரி விமானத்தோடு மோதுவதற்கென்றே வடிவமைத்தவை ஒரு வகை. தரையில் இருக்கும் பாலம், ஓடுதளம், எண்ணெய்க் கிடங்கு, டாங்கி வரிசை போன்றவற்றை அடிப்பதற்கென்றே செய்தவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைதான் தாக்குதல் விமானம். ஜாகுவார் இதில் சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய இந்த விமானம் முதலில் பறந்தது 1968 செப்டம்பர் 8 அன்று.

ஒற்றை இருக்கை ஜாகுவாரின் நீளம் 16.83 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 8.69 மீட்டர். நம் ஊர்ப் பேருந்து ஒன்றின் நீளம்கூட இல்லாத இறக்கை அது. இறக்கை சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தரையை ஒட்டி வேகமாகப் பறக்கும்போது காற்றின் குலுக்கல் சின்ன இறக்கையில் குறைவாகத்தான் பிடிக்கும், விமானியால் குறி வைக்க முடியும். இரண்டு அடூர் இன்ஜின்கள், இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள், வெளியே சுமார் 4,500 கிலோ வரை சுமை. மூக்கு உளி போலச் சீவியிருக்கும். அதற்குள்ளே லேசர் தூரமானி இருக்கிறது.

ஒரு விமானத்துக்குன்னு தனியா வரலாறு எதுக்கு? ஜாகுவார் வரலாறு தெரிஞ்சா போதாதா?

ஜாகுவாரின் வரலாறு ஊர் வரலாறு மாதிரி. தனி விமானத்தின் வரலாறு ஒரு வீட்டுப் பேரேடு மாதிரி. ஊரில் வியாபாரம் செழித்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எந்தக் கடையில் எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கடையின் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

அருகருகே செய்யப்பட்ட இரண்டு ஜாகுவார்களில் ஒன்று போருக்குப் போயிருக்கும், மற்றொன்று பயிற்சியிலேயே நொறுங்கியிருக்கும். ஒன்றின் இறக்கைக் கட்டமைப்பு தேய்ந்திருக்கும், இன்னொன்று கொட்டகையில் நின்றே காலம் கழித்திருக்கும். எதைப் பறக்க விடலாம், எதை உதிரிக்குப் பிரிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் பார்ப்பது ரகத்தின் பெயரை அல்ல, அந்த ஒற்றை விமானத்தின் கணக்கை. விமானப்படைகள் இதில் காட்டும் கண்டிப்பு நகரத்தார் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்காது.

வால்ல எழுதியிருக்குற நம்பர்தான் அதோட பேரா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு விமானத்தில் மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது தொழிற்சாலை வரிசை எண். பிரிட்டனில் செய்த ஒற்றை இருக்கை ஜாகுவாருக்கு ‘எஸ்’ என்ற எழுத்தும் அதன்பின் வரிசை எண்ணும். இது ஒரு சின்ன உலோகத் தகட்டில் பதித்திருக்கும், பெயிண்ட் அடித்தாலும் மாறாது. இரண்டாவது விமானப்படைத் தொடர் எண். எக்ஸ்எக்ஸ்725 என்பது அது. ஜாகுவாரில் பின்னுடலின் பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள். மூன்றாவது படைப்பிரிவுக் குறியெழுத்து. வாலில் பெரிதாகத் தெரியும் ஒன்றிரண்டு எழுத்துகள் பெரும்பாலும் இதுதான். விமானம் வேறு பிரிவுக்கு மாறினால் இதுவும் மாறிவிடும்.

ஆகவே புகைப்படத்தில் வாலெழுத்தை மட்டும் பார்த்து ‘இது இன்ன விமானம்’ என்று முடிவு கட்டக்கூடாது. அதே எழுத்தை வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு விமானங்கள் சுமந்திருக்கும்.

இந்திய விமானப்படையில் முன்னெழுத்தைப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடலாம். ஜேஎஸ் என்றால் ஒற்றை இருக்கை ஜாகுவார், ஜேடி இரட்டை இருக்கை, ஜேஎம் கடல்சார் ஜாகுவார். ஹண்டருக்கு பிஏ, கான்பெரா குண்டுவீச்சு விமானத்துக்கு ஐஎஃப், மிக்-27க்கு டிஎஸ், மிராஜ்-2000க்கு கேஎஃப்.

எக்ஸ்எக்ஸ்725ம் ஜேஐ010ம் எப்படி ஒண்ணாகும்? விமானத்தைக்கூடவா கடன் குடுப்பாங்க?

கொடுத்தார்கள். 1978இல் இந்தியா ஜாகுவாரைத் தேர்ந்தெடுத்தது. நமக்கென்று புதிதாகச் செய்யும் விமானங்கள் கைக்கு வர நாளாகும். அதுவரை நம் விமானிகளும் தரைப் பணியாளர்களும் சும்மா காத்திருக்க முடியாது. அதனால் பிரிட்டிஷ் விமானப்படை தன் கையிருப்பிலிருந்து 16 ஒற்றை இருக்கை, 2 இரட்டை இருக்கை ஆக 18 ஜாகுவார்களைக் கைமாற்றாகக் கொடுத்தது. முதல் விமானங்கள் 1979 ஜூலையில் வந்தன, அம்பாலாவின் 14ஆம் படைப்பிரிவு அவற்றை ஏற்றது. இந்தப் பதினெட்டுக்கும் ஜேஐ001 முதல் ஜேஐ018 வரை எண்ணிட்டார்கள். 1970களின் நடுவில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்திருந்த எக்ஸ்எக்ஸ்725 அப்படித்தான் ஜேஐ010 ஆனது.

நமக்கென்று செய்த ஜேஎஸ் வரிசை வரவர, கடன் விமானங்கள் 1980களின் முற்பாதியில் திருப்பி அனுப்பப்பட்டன. திரும்பிப் போனதும் பழைய எண்ணே மறுபடி ஏறியது. இதைக் கவனிக்காமல் ‘ஜேஐ010 எங்கே போனது, விபத்தில் போய்விட்டதா’ என்று தேடுபவர்கள் உண்டு. எண்தான் மறைந்தது, விமானம் மறையவில்லை. ஜேஐ என்று தொடங்கும் எந்த எண்ணைக் கண்டாலும் அதற்கு முன்பும் பின்பும் எக்ஸ்எக்ஸ் என்ற எண்ணில் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அது நம்ம செட்டிநாடு ரன்வேயில இறங்குனதுண்டா?

கடன் ஜாகுவார்களின் வேலை வடக்கே அம்பாலாவில். செட்டிநாடு ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்டது. கால்நடைப் பண்ணை நிலத்தை ஒட்டி இன்றும் தெரியும். போருக்குப் பிறகு அது படைத் தளமாக நீடிக்கவில்லை.

ஆனாலும் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண ஜெட் விமானங்களுக்கு இல்லாத ஒரு குணம் ஜாகுவாருக்கு உண்டு. அதன் முதன்மைச் சக்கரங்கள் இரட்டையாக இருக்கும், டயர் அழுத்தம் குறைவு, கால்கள் உயரம். புல் தரையில் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தில் திறப்புக்குக் காத்திருந்த எம்55 நெடுஞ்சாலையில் இறக்கி, குண்டுகளை மாட்டி, அதே சாலையிலிருந்து மேலேற்றினார்கள்.

சக்கரம் தாங்கும் என்பதால் மட்டும் எங்கும் இறக்கிவிட முடியாது. ஓடுதளத்தில் கிடக்கும் ஒரு சரளைக்கல்லை மூக்குச் சக்கரம் தெறிக்க விட்டால் அது நேரே இன்ஜின் வாய்க்குள் போகும். உள்ளே சுழலும் விசிறிக் கத்திகளில் ஒன்றின் நுனி மடங்கினால் போதும், சமநிலை கெட்டு மற்ற கத்திகளும் சிதையும். அதனால்தான் தளங்களில் ஆட்கள் வரிசையாக நடந்து கல், திருகு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். செம்மண் சரளையும் சீமைக் கருவேல முள்ளும் பரவிய பழைய தளத்தை ஜெட்டுக்குத் தகுதியாக்க மேலே தார் பூசினால் போதாது. ஓரங்களையும் இறுக்கிச் சுத்தமாக்க வேண்டும்.

அப்ப காரைக்குடி மேல சத்தம் போட்டுக்கிட்டுப் போறது ஜாகுவார் இல்லையா?

தஞ்சாவூர்த் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களோடு நிறுவப்பட்டது. நேர்கோட்டில் காரைக்குடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். இரட்டை வால் தெரிந்தால் சுகோய். ஜாகுவாருக்கு ஒற்றை வால்.

இந்தியாவுல இருந்த அதே விமானமா வளைகுடாப் போருக்குப் போச்சு?

ஆமாம், அதே உடல்தான். 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்ததும் பிரிட்டிஷ் ஜாகுவார்கள் முதலில் ஓமானின் தும்ரைத்துக்குப் போயின, பிறகு பஹ்ரைனின் முஹரக் தளத்துக்கு. முதலில் போனவற்றை மாற்றிவிட்டு, போருக்கென்று கூடுதல் கருவிகள் பொருத்திய 12 விமானங்களை அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று எக்ஸ்எக்ஸ்725. அப்போது அதன் குறியெழுத்து ‘டி’ (T).

கூடுதல் கருவிகள் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எதிரி விமானத்தை அடிக்கும் சைட்விண்டர் ஏவுகணைக்கான தண்டவாளத்தை இறக்கைக்கு மேலே பொருத்தினார்கள். இறக்கைக்குக் கீழே இடம் மிச்சமானால் ஒரு பக்கம் எதிரி ரேடாரைக் குழப்பும் மின்னணு இடையூட்டுக் கூடு, மறுபக்கம் அதே ரேடாரை ஏமாற்ற உலோக இழை தூவும் கூடு, நடுவில் எரிபொருள் தொட்டி, மிச்ச இடத்தில் குண்டு என்று அடுக்க முடியும். இந்திய ஜாகுவார்களும் இறக்கைக்கு மேலேதான் மேஜிக் ஏவுகணையைச் சுமந்தன. 1991 ஜனவரி 17 அன்று தொடங்கி போர் முடியும் வரை பிரிட்டிஷ் ஜாகுவார்கள் 600க்கு மேற்பட்ட தாக்குதல் பறப்புகள் செய்தன. போரில் ஒன்றுகூட இழக்கப்படவில்லை.

அந்தப் போரின் படங்களில் விமானம் மணலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். அது தற்காலிகப் பூச்சு, கார நீரில் கழுவினால் போய்விடும். காக்பிட்டுக்குக் கீழே வரிசையாக வரைந்த குண்டுப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு பறப்பைக் குறிக்கும். பூச்சைக் கழுவியபோது அவையும் போயின. ஆகவே படத்தில் குண்டுக் குறி இல்லை என்பதால் விமானம் போருக்குப் போகவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் பறந்தா ஒரு விமானம் முடிஞ்சுது?

மணி மட்டும் கணக்கல்ல. தாக்குதல் விமானத்தில் உண்மையில் செலவாவது உலோகத்தின் தாங்குசக்தி. ஒவ்வொரு கூர்மையான திருப்பத்திலும் இறக்கை அடிப்பாகம் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு நாள் ஒடியும் அல்லவா, அதே சங்கதிதான். ஒடிவதற்கு முன்பு மயிரிழை விரிசல் ஓடும். திருகு துளைகளின் ஓரத்தில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். அந்த இடங்களைச் சாயம் ஊற்றியும் சுழல் மின்னோட்டக் கருவியை வைத்தும் பார்ப்பார்கள்.

இதை அளக்க விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நேராகப் பறக்கும்போது எடை 1 மடங்கு. திரும்பும்போது 3 மடங்கு, 4 மடங்கு, 5 மடங்கு என்று ஏறும். ஒவ்வொரு படியையும் தாண்டும்போது அந்தப் படிக்குரிய எண் ஒன்று கூடும், நம் வீட்டு மின்மீட்டர் சக்கரம் நகர்கிற மாதிரி. விமானம் இறங்கியதும் தரைப் பணியாளர் மூடியைத் திறந்து எல்லா எண்களையும் குறித்துக்கொள்வார். அதோடு சுமை எவ்வளவு இருந்தது, என்ன மாதிரிப் பறப்பு என்பதையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டால் அன்றைய செலவு வரும். பிரிட்டிஷ் முறையில் இதற்குக் களைப்புக் குறியீடு என்று பெயர். முழு ஆயுள் 100 என்று வைத்து அதிலிருந்து செலவு எழுதுவார்கள்.

உதாரணத்துக்கு, 3,000 மணி பறந்த இரண்டு ஜாகுவார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உயரத்தில் அமைதியாகப் போய் வந்தது, மற்றொன்று வெயிலில் கொதிக்கும் தரையை ஒட்டியே பறந்தது. மணிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டாவதன் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். பழைய விமானத்தை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இந்த இருப்பைத்தான். மீட்டர் பழுதாகிச் சில பறப்புகளுக்குப் பதிவு இல்லாவிட்டால் ‘ஒன்றும் செலவாகவில்லை’ என்று விடமாட்டார்கள். அதேபோன்ற பறப்புகளின் கடுமையான அளவை எடுத்து எழுதிவிடுவார்கள். இது சரியான முறை. கணக்கில் ஐயம் வந்தால் பற்றைக் கூட்டி வைப்பதுதான் பத்திரம்.

எஃப்-700, எஃப்-700ங்கிறாங்களே, அது என்ன?

அந்த விமானத்துக்குரிய பேரேடு அதுதான். பிரிட்டிஷ் படையில் ஃபார்ம் 700. நம் படையிலும் அதே பெயர்தான் நிலைத்துவிட்டது. படையிலிருந்து ஓய்வு பெற்ற தரைப் பணியாளர் யாரிடம் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறும். எத்தனையோ இரவு அதன் முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

பறப்புக்கு முன் பார்வை, இரு பறப்புகளுக்கு இடையே பார்வை, பறப்புக்குப் பின் பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. உடல், இன்ஜின், மின்சாரம், கருவிகள், ஆயுதம் என்று தொழில்வாரியாகத் தனித்தனிக் கையெழுத்து. எரிபொருள் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு, எந்தக் கொக்கியில் என்ன மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் எழுதியாக வேண்டும். உடனே சரிசெய்யாமல் தள்ளிவைத்த குறைகள் தனிப் பக்கத்தில். விமானி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஏற்புக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த நொடி முதல் விமானம் அவர் பொறுப்பு.

வரலாறு தேடுபவருக்குத் தங்கம் இருப்பது குறைகள் எழுதிய பக்கங்களில். ‘இடது சக்கரக் கதவு மூடத் தாமதம்’ என்ற வரி மூன்று மாதத்தில் நான்கு முறை வந்தால், அந்த விமானத்தின் சுபாவம் புரிந்துவிடும். பக்கங்கள் நிறைந்ததும் கழற்றி வைக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பல அழிக்கப்பட்டுவிடும். முழுத் தொகுப்பு எஞ்சிய விமானங்கள் குறைவு.

இன்ஜின் மாத்தி, இறக்கை மாத்தி, வாலும் மாத்திட்டா அது அதே விமானம்தானா?

அதே விமானம்தான், உடற்பகுதியும் அதன் தகடும் அதுவாக இருக்கும் வரை. இன்ஜினுக்குத் தனி எண், தனி அட்டை, தனி மணிக்கணக்கு. அது இன்று இந்த விமானத்தில் இருக்கும், பழுதுநீக்கிய பின் வேறொன்றில் ஏறும். சக்கரக் கால், குதிப்பு இருக்கை, எரிபொருள் பம்ப் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஆக ஒரு விமானம் என்பது நூற்றுக்கணக்கான சின்னக் கணக்குகள் ஒரு பெரிய கணக்கில் வந்து சேர்வது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒரு விமானத்திலிருந்து கழற்றிய மூடிப் பலகையை அவசரத்துக்கு இன்னொன்றில் மாட்டுவார்கள். பலகையின் உள்பக்கம் பழைய விமானத்தின் எண் இருக்கும். அதைப் படம் பிடித்தவர் விமானமே அதுதான் என்று எழுதிவிடுவார். உள்பக்க எண்ணைப் பார்த்தால் குறைந்தது நான்கைந்து பலகைகளையாவது ஒப்பிட வேண்டும்.

ஜிஆர்.1ன்னு ஒரு இடத்துல, 1ஏன்னு ஒரு இடத்துல, 3ன்னு ஒரு இடத்துல போட்டிருக்கு. மூணும் வேற வேறயா?

ஒரே விமானம் தரம் உயர்ந்த படிகள் அவை. எக்ஸ்எக்ஸ்725 ஜிஆர்.1 ஆகப் பிறந்தது. பழைய வழிகாட்டு-குறிபார்ப்புக் கருவியை எடுத்துவிட்டுப் புதிய நிலைமத் திசைகாட்டி வைத்தபின் ஜிஆர்.1ஏ. 1990களில் காக்பிட்டும் மின்னணுவும் மாறியபின் ஜிஆர்.3. வளைகுடாவுக்குப் போனபோது 1ஏ. ஆகவே 1991 படத்துக்குக் கீழே ஜிஆர்.3 என்று எழுதினால் பிழை, விமானம் சரியாக இருந்தாலும்கூட. இந்திய ஜாகுவார்களில் இதே வேலையை நம்மவர்கள் ‘டாரின்’ என்ற பெயரில் செய்தார்கள்.

ரெண்டு புத்தகத்துல ரெண்டு தேதி இருக்கு. எதை நம்புறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். உண்டியல் சீட்டு எழுதிய தேதி ஒன்று, தவணை முடிந்து பணம் கைக்கு வந்த தேதி வேறு என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானத்திலும் ஒதுக்கீட்டு ஆணை போட்ட நாள், விமானம் உண்மையில் பறந்து சேர்ந்த நாள், புதிய பிரிவு தன் கணக்கில் ஏற்றிய நாள் என்று மூன்று உண்டு. கழிக்கும்போதும் அப்படியே. கடைசியாகப் பறந்தது ஒரு நாள், பதிவிலிருந்து நீக்கியது பல மாதம் கழித்து.

குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதாமல் ‘எந்தத் தேதி’ என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். மீதிக்கு, விமானியின் பறப்புக் குறிப்பேட்டைப் பாருங்கள். அதில் நாள், விமான எண், பறந்த நேரம் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். அன்றன்று கையால் எழுதியது என்பதால், பின்னால் தொகுத்த பட்டியலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எங்க ஐயா பர்மாவுல இருந்து வந்தப்ப கொண்டாந்த பெட்டியில ஒரு விமான போட்டோ இருக்கு. நம்பர் பாதிதான் தெரியுது. கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும். முதலில் ரகத்தைப் பிடியுங்கள். 1943–44இல் பர்மா முனையில் பறந்த தாக்குதல் விமானங்களில் வென்ஜென்ஸ் முக்கியமானது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்று அமெரிக்காவில் செய்தது. பெரிய வட்ட மூக்கு, இருவர் அமரும் நீண்ட கண்ணாடிக் கூண்டு, இறக்கையின் முன்விளிம்பு நடுவில் முறிந்தாற்போல வளைந்திருக்கும். நம் விமானப்படையின் 7ஆம், 8ஆம் படைப்பிரிவுகள் இதைப் பறக்கவிட்டன. ஒற்றை ஆள் உட்காரும் சின்னக் கூண்டு என்றால் ஹரிக்கேனாக இருக்கலாம்.

எண் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம். வென்ஜென்ஸ் என்றால் ஈஇசட், எஃப்டி போன்ற சில எழுத்துச் சோடிகளுக்குள்தான் வரும், ஆகவே ஒரு எழுத்து தெரிந்தாலும் தேடல் சுருங்கிவிடும். 3ம் 8ம், 5ம் 6ம் மங்கிய படத்தில் மாறும். குழப்பம் தரும் ஓ, ஐ போன்ற எழுத்துகளை அந்தத் தொடர்களில் பயன்படுத்தவில்லை. வட்டமாகத் தெரிந்தால் ‘டி’யாக (D) இருக்கிறதா என்று பாருங்கள். எண் வரிசையில் நடுநடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள், எத்தனை விமானம் இருக்கிறது என்று எதிரி கணக்குப் போடாதிருக்க.

படத்தைச் சட்டத்திலிருந்து பிய்க்க வேண்டாம். ஜன்னலோரம் சாய்த்து வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ தணிக்கை முத்திரையோ இருந்தால் அதுவே பாதி விடை. எண் தெரிந்தபின் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏர் 27’ தொகுப்பைத் தேட வேண்டும். படைப்பிரிவுகளின் தினசரிப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. எந்த விமானம், யார் பறந்தார், எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்பது பல பக்கங்களில் வரி வரியாக உண்டு.

காட்சிக்கு நிக்குற விமானத்துல பொய் நம்பர் போட்டிருப்பாங்களா?

போடுவது வழக்கம்தான், ஏமாற்றும் எண்ணத்தில் அல்ல. புகழ்பெற்ற ஒரு விமானம் எஞ்சவில்லை என்றால், அதே ரகத்தில் கிடைத்ததற்கு அதன் எண்ணைப் பூசி நினைவாக நிறுத்துவார்கள். இன்னும் சிலவற்றில் முன்பாதி ஒன்று, பின்பாதி இன்னொன்று. முன்பு சொன்ன தொழிற்சாலைத் தகட்டைத் தேடுங்கள். காக்பிட் உள்ளேயோ மூக்குச் சக்கரக் குழிக்குள்ளேயோ இருக்க வாய்ப்புண்டு. அனுமதி பெற்று, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தும் மேலே எழும். பெயிண்டைச் சுரண்டக் கூடாது. ஒரு அடுக்கைச் சுரண்டினால் அதிலிருந்த வரலாறும் சேர்ந்து போகும்.

சில சமயம் இரண்டு எண்ணும் உண்மையாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் கேம்டன் அருங்காட்சியகத்து வென்ஜென்ஸ், பிரிட்டிஷ் எண்ணில் ஈஇசட்999, ஆஸ்திரேலிய எண்ணில் ஏ27-99. ஜேஐ010 கதைதான், வேறு கண்டத்தில்.

இந்திய ஜாகுவார் ஒண்ணோட கணக்கை நாங்களே தேடலாமா?

பணியில் இருக்கும் விமானத்தின் கணக்கைத் தேடாதீர்கள். எத்தனை பறக்கும் நிலையில் இருக்கின்றன, எங்கே நிற்கின்றன என்பது பாதுகாப்புச் செய்தி. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 8(1)(அ) பிரிவில் விலக்கு உண்டு. தளங்களைப் படம் எடுப்பது 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தில் மாட்டிவிடும். வேலிக்கு வெளியே நின்றேன் என்பது பதிலாகாது. கழிக்கப்பட்டு, பொது இடத்தில் நிற்பவற்றோடு தொடங்குவதே நல்லது. பழைய போர்களின் பதிவுகளுக்கு, 25 ஆண்டு கடந்தவற்றைப் பொதுவாக வெளிப்படுத்தலாம் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் அறிவித்திருக்கிறது. உள்ளூரில் ஓய்வுபெற்ற படையினர் வீட்டில் இருக்கும் குறிப்பேடுகளும் படங்களும் அவர்கள் விருப்பத்தோடு கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் இல்லை.

மத்த நாடு தூக்கிப் போட்ட ஜாகுவாரை நாம எதுக்கு வாங்குறோம்?

பறப்பதற்கல்ல. பிரான்ஸ் 31 ஜாகுவார் உடல்களைக் கொடுக்க ஒப்புக்கொண்டது உதிரிகளுக்காக. மற்ற நாடுகள் ஜாகுவாரைக் கைவிட்டுவிட்டதால் புதிய பாகம் செய்வோர் குறைவு. இன்ஜின் மாற்றம் பற்றிய கேள்வியில் சொன்னபடி, பாகம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருப்பதால்தான் இது நடக்கிறது. அட்டை இல்லாத பாகம் பளபளப்பாக இருந்தாலும் பறக்கும் விமானத்தில் ஏறாது.

சரி, எக்ஸ்எக்ஸ்725 இப்ப என்னாச்சு? உடைச்சுட்டாங்களா?

உடைக்கவில்லை. பிரிட்டிஷ் படை 2007இல் ஜாகுவாரை முழுதாக விட்டுவிட்டது. எக்ஸ்எக்ஸ்725 இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் உள்ள தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. பயிற்சிக்கு வருபவர்கள் ஜாகுவாரின் பலகைகளைக் கழற்றி மாட்டுவார்கள், ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சக்கரக் காலை மடக்கி விரிப்பார்கள். அங்கே சில ஜாகுவார்களைத் தங்கள் இன்ஜினிலேயே தரையில் ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள். பறப்பு மணிக் கட்டத்தில் இனி ஒன்றும் ஏறாது. திருகைக் கழற்றியவர் கையெழுத்தும், திரும்ப மாட்டியதைச் சரிபார்த்தவர் கையெழுத்தும் மட்டும் தொடர்ந்து விழும். பயிற்சி மாணவர் முதலில் படிப்பதே அந்தக் கையெழுத்தைத்தான்.